கடல் காத்த வெள்ளி: கடலூர்க் கரையும் ஸ்பானிய ரியாலும்

கெடிலத்தின் கழிமுகம் தொடங்கிக் கொள்ளிடத்தின் முகத்துவாரம் வரையில் உள்ள கடற்கரை முப்பது கல் தொலைவுக்கு மேற்படாது. அச்சிறு பரப்பில் தேவனாம்பட்டினம், கடலூர், பரங்கிப்பேட்டை, தேவிக்கோட்டை என்னும் துறைகள் ஒன்றன்பின் ஒன்றாக அமைந்துள்ளன. கி.பி. 1608-இல் டச்சுக்காரர் செஞ்சி நாயக்கரின் இசைவுபெற்றுத் தேவனாம்பட்டினத்தில் கால்கொண்டனர். பரங்கிப்பேட்டை அதற்கு முன்னரே போர்த்துகீசியர் குடியிருப்பாகியிருந்தது. ஆங்கிலக் கும்பினியார் 1690-இல் தேவனாம்பட்டினக் கோட்டையை மராத்தியரிடம் விலைக்கு வாங்கிப் புனித தாவீது கோட்டை எனப் பெயரிட்டனர். கோட்டையினின்று சுட்ட பீரங்கிக் குண்டு விழுந்த எல்லை அளவும் நிலம் அவர்க்கு உரித்தாயிற்று. அவ்வெல்லைக்குட்பட்ட ஊர்கள் குண்டுக் கிராமங்கள் எனப்பட்டன. இவை பலரும் அறிந்த செய்திகள். வந்தவர் அனைவரும் விரும்பியது இந்நாட்டுத் துணி. அதற்கு விலையாகக் கொணர்ந்தவற்றுள் பொன்னும் செம்பும் ஈயமும் உண்டேனும் வெள்ளியே தலைமை பெற்றது. அவ்வெள்ளியில் பெரும்பகுதி மெக்சிகோவிலும் தென்னமெரிக்க மலைகளிலும் அகழ்ந்தெடுக்கப்பெற்று, ஸ்பானிய மன்னரின் முத்திரையோடு பெட்டி பெட்டியாகக் கடல் கடந்து வந்த நாணயமாகும்.

இந்நாணயம் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் இக்கரைக்கு வந்துகொண்டிருந்தது. அவ்வாறாயின் இன்று அது எங்கே? வராகனும் பணமும் காசும் தமிழகத்தின் புதையல்களில் குடம் குடமாகக் கிடைக்கின்றன. உரோம நாணயங்கள் ஈராயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் மண்ணினின்று வெளிப்படுகின்றன. முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர் வந்த ஸ்பானிய வெள்ளியோ தன் உருவோடு தமிழ் மண்ணில் எஞ்சவில்லை என்றே சொல்லத்தகும். அது எஞ்சிய இடம் கடலடி. கரை சேர்ந்த வெள்ளி உருமாறிற்று. கரை சேராத வெள்ளி உருமாறாது நின்றது. ஆதலின் கடலூர்த் துணி வாணிகத்தின் வரலாற்றை எழுத முற்படுவோர் மூழ்கிய கலங்களினின்று எடுக்கப்பெற்ற நாணயங்களைச் சான்றாகக் கொள்ளவேண்டும் என்பதும், அச்சான்று இன்று திரட்டப்படும் முறையில் பெரும்பாலும் சிதைந்துபோகின்றது என்பதும் இக்கட்டுரையில் நாம் கூற முற்படுவன.

முதற்கண் நாணயத்தின் இயல்பை நோக்குவோம். மெக்சிகோ நகரத்து அக்கசாலை 1535-ஆம் ஆண்டின் அரசாணையால் நிறுவப்பெற்று, மறு ஆண்டு நாணயம் அடிக்கத் தொடங்கிற்று. புதிய உலகின் முதல் அக்கசாலை அதுவே. லீமாவில் 1568-இலும் பொத்தோசியில் அதனையடுத்த சில ஆண்டுகளிலும் அக்கசாலைகள் எழுந்தன. பொத்தோசி இன்றைய பொலிவியாவில் உள்ள வெள்ளி மலை, 1545-இல் கண்டறியப்பெற்றது. ஒரு மார்க்கு நிறையுள்ள வெள்ளியில் அறுபத்தேழு ரியால் அடிக்கவேண்டும் என்பது சட்டம். அக்கணக்கின்படி எட்டு ரியால் நாணயம் ஏறத்தாழ 27.5 கிராம் நிறையுடையது; நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று பங்கு தூய வெள்ளி. உலக வாணிகத்தில் பெருவழக்குப் பெற்றது இந்த எட்டு ரியாலே.

தொடக்ககாலத்து நாணயம் வட்டமாக வார்க்கப்பட்டதன்று. வெள்ளிப் பாளத்தைத் துண்டுகளாக நறுக்கி, எடை மிகின் ஓரத்தைக் கத்தரித்து, சம்மட்டியால் முத்திரை அடித்தனர். எனவே ஒன்றைப்போல் மற்றொன்று இராது. ஆண்டெண் பொறிக்கும் வழக்கம் மெக்சிகோவில் 1607-இலும் பொத்தோசியில் 1617-இலும் வந்தது; வந்தபின்னும் நாணயத்தின் கோணலான ஓரத்தில் அந்த எண் விழாமற் போனவையே மிகுதி. ஆண்டு தெளிவாகத் தெரியும் நாணயத்துக்குச் சேகரிப்போர் மிகுவிலை கொடுப்பர். ஆராய்ச்சிக்கு உதவுவது ஆண்டெண்ணினும் சிறிய மற்றோர் எழுத்து: மாற்றுப் பார்த்த அலுவலனின் பெயர்க்குறி. அவ்வலுவலன் பணியாற்றிய காலம் ஏடுகளில் உண்டு. அதனால் அவன் எழுத்து நாணயத்தின் காலத்தைக் காட்டிவிடும்.

இவ்விடத்தில் நம் இலக்கியம் பயின்றார்க்கு வண்ணக்கன் என்னும் சொல் நினைவுக்கு வருதல் இயல்பு. வடமவண்ணக்கன் பேரிசாத்தனார் முதலிய சங்கப் புலவர் பெயர்களில் அடைமொழியாய் நிற்கும் அச்சொல், நாணயத்தை நோட்டம் செய்வானைக் குறிக்கும் என்பர் உரைகாரர். பின்னாளில் நோட்டக்காரர், சராப்பு என வேறு பெயர்கள் வழங்கின. தொழில் ஒன்றே. ஆயினும் ஒரு வேறுபாடு கருதத்தக்கது. நம் நாட்டு நோட்டக்காரர் அடித்து முடிந்து வழக்கில் வந்த நாணயத்தை ஆராய்ந்தனர். ஸ்பானிய அக்கசாலையின் அலுவலனோ தன் பெயரெழுத்தை நாணயத்திலேயே பொறித்துப் பிணைநின்றான். அப்பிணை உயிர்ப்பிணையும் ஆயிற்று. பொத்தோசி அக்கசாலையில் செம்பு மிகுதியாகக் கலந்து நாணயம் அடிக்கப்பட்டமை 1649-இல் வெளிப்பட்டபோது விசாரணை நிகழ்ந்து, வெள்ளி வணிகன் பிரான்சிஸ்கோ கோமஸ் தெ லா ரோச்சாவும் மாற்றுப் பார்த்த அலுவலனும் கொலைத்தண்டம் பெற்றனர். பழைய நாணயங்களின் மதிப்புக் குறைக்கப்பட்டது. 1652-இல் இரு தூண்களும் கடலலையும் பொறித்த புதிய வடிவம் வந்தது. பெருமலைச் சாரலில் நிகழ்ந்த இக்களவு உலகச் சந்தை எங்கும் பெருநாட்டு நாணயத்தை ஐயத்திற்கு உள்ளாக்கிற்று.

ஏட்டுச் சான்றைக் கடற்சான்று நிறைவித்ததற்கு ஓர் எடுத்துக்காட்டை ஈண்டுக் கூறுதல் தகும். மெக்சிகோ அக்கசாலையைப் பற்றி 1545-இல் தெல்லோ தே சாண்டோவால் என்பவர் நடத்திய விசாரணையில், சில ஆண்டுகளுக்கு முன்னர் அங்கு எட்டு ரியால் நாணயம் சிறிதளவு அடிக்கப்பட்டதாகச் சான்று கூறினர். அந்நாணயத்தில் ஒன்றேனும் நெடுங்காலம் எவர் கண்ணிலும் படவில்லை. 1990-களில் கரீபியக் கடலில் மூழ்கிய கலம் ஒன்றினின்று மூன்று நாணயங்கள் வெளிப்பட்டன. 1538-ஐ ஒட்டி அடிக்கப்பட்டனவாகக் கருதப்படும் அவற்றில் முதல் மாற்றலுவலனான ரின்கோனின் எழுத்து உள்ளது. நானூற்றைம்பது ஆண்டுகள் ஏட்டில் மட்டும் வாழ்ந்த நாணயம் இவ்வாறு கைக்கு வந்தது. நிலத்தில் அது கிடைக்காமைக்குக் காரணம் தெளிவு: கரை சேர்ந்தவை செலவாயின, உருக்கப்பட்டன. இதே விதி கடலூருக்கும் பொருந்தும்.

இக்கரைக்கு வெள்ளி இரு வழியாக வந்தது. மேற்கு வழி அனைவரும் அறிந்தது: அமெரிக்காவினின்று ஸ்பெயினுக்கும், அங்கிருந்து ஆம்ஸ்டர்டாம், இலண்டன், லிஸ்பன் சந்தைகளுக்கும், பின்னர் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி இந்தியாவுக்கும் ஆக அது உலகின் முக்கால் பங்கைச் சுற்றி வந்தது. கிழக்கு வழியைப் பலர் கருதுவதில்லை. மெக்சிகோவின் அக்கபுல்கோத் துறையினின்று ஆண்டுதோறும் மணிலாவுக்கு வெள்ளிக் கப்பல் சென்றது. மணிலா ஸ்பானியர் பிற ஐரோப்பியரைத் தம் துறையில் நேரே வாணிகம் செய்ய விடவில்லை. எனவே சோழமண்டலக் கரையினின்று சென்ற கப்பல்கள் ஆர்மீனியர் பெயராலும் இந்நாட்டு வணிகர் பெயராலும் சென்றன. சென்னையில் வாழ்ந்த ஆர்மீனிய வணிகர் கோஜா பெத்ரூஸ் உஸ்கான் மணிலா வாணிகத்தில் பெரும்பொருள் ஈட்டியவர். 1726-இல் சைதாப்பேட்டை அடையாற்றுப் பாலத்தைக் கட்டியவரும் அவரே. புதுச்சேரியினின்று மணிலாவுக்குக் கப்பல் போனமை ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பால் அறியப்படும். பரங்கிப்பேட்டை மரக்காயர்களின் கலங்கள் அச்சே, மலாக்கா முதலிய கீழ்த்திசைத் துறைகளோடு கொண்ட தொடர்பை யாழ்ப்பாணத்துப் பேராசிரியர் சின்னப்பா அரசரத்தினம் 1986-இல் வெளியிட்ட சோழமண்டல வணிகர் பற்றிய நூலில் விரித்துரைத்துள்ளார். ஆகவே கடலூர் நெசவாளியின் துணி மணிலாவில் விற்று வெள்ளியாகித் திரும்பிற்று என்பது மிகையன்று.

கரையில் இறங்கிய ரியால் என்னவாயிற்று? தமிழகம் அக்காலத்தில் பொன் நாணயத்தால் ஆண்ட நாடு. வராகனும் பணமும் பெருவழக்கு, சில்லறைக்குச் செம்புக்காசு. வெள்ளி நாணயம் முகலாயர் ஆட்சி தெற்கே பரவியபின்னரே வேரூன்றிற்று. அதனால் எட்டு ரியாலைக் கடலூர்க் கடைத்தெருவில் எண்ணிக் கொடுத்துப் பொருள் வாங்க இயலாது. அது எடைபோட்டு விற்கும் சரக்கு. சராப்பு அதனை உரைத்து, மாற்றுக் கண்டு, நிறைக்கேற்ப வராகன் மதிப்புக் கூறினர். முத்திரையில் உள்ள சிலுவையும் சிங்கமும் கோட்டையும் அவர்க்கு ஒரு பொருட்டன்று. கத்தரித்து வெட்டிய கோணல் நாணயத்தை எண்ணுவதைவிட நிறுப்பதே அறிவுடைமை என்பதையும் நாம் ஒப்புக்கொள்ளவேண்டும்.

பின்னர் அவ்வெள்ளி அக்கசாலைக்குச் சென்றது. நவாபு தோஸ்த் அலிகானின் இசைவால் 1736-இல் புதுச்சேரிப் பிரெஞ்சுக்காரர் ஆர்க்காட்டு ரூபாய் அடிக்கும் உரிமை பெற்றனர். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்புத் தொடங்குவதும் அதே ஆண்டில்தான். 1742-இல் சென்னை ஆங்கிலேயரும் ஆர்க்காட்டு ரூபாய்க்கு உரிமை பெற்றனர். அதன்பின் ஸ்பானிய நாணயம் உருக்குக் குகைக்குள் விரைந்து சென்றது. ஓர் எட்டு ரியாலில் உள்ள தூய வெள்ளி இரண்டு ரூபாய்க்குச் சற்று மேற்பட்ட அளவினது. கும்பினியின் பெட்டி ஒன்றில் ஏறத்தாழ நாலாயிரம் நாணயம் அடங்கும். அதன் நிறை நூறு கிலோவுக்கு மேல். ஒரு பெட்டி உருகினால் எண்ணாயிரத்துக்கு மேற்பட்ட ரூபாய். பாரசீக எழுத்தில் தில்லிப் பாதுஷாவின் பெயர் தாங்கி வெளிவந்த அந்த ரூபாய்க்குள் மெக்சிகோ வெள்ளி ஒளிந்திருப்பதை எவர் அறிவார்? வெள்ளியோடு கலந்துள்ள ஈயத்தின் இயல்பைக் கொண்டு சுரங்கத்தை அறியும் முறை இன்று உண்டெனினும், பல நாட்டு வெள்ளி ஒரே குகையில் உருகிக் கலந்தபின் அச்சான்று மங்கிவிடும்.

நாணயம் மறைந்தாலும் சொல்லில் அதன் நிழல் நின்றது. யாழ்ப்பாணத் தமிழில் இறைசால் என வழங்கிய சொல் டச்சுக்காரரின் ரிக்ஸ்டாலரைக் குறித்தது. மலேயாவிலும் சிங்கப்பூரிலும் குடியேறிய தமிழர் டாலரை வெள்ளி என்றே அழைத்தனர். இன்றும் அவ்வழக்கு உண்டு. அந்நாடுகளின் துறைகளில் ஸ்பானிய, மெக்சிகோ வெள்ளி நாணயங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் கைமாறின. மலாய் மொழியில் ரிங்கிட் என்னும் சொல்லுக்கு விளிம்பில் பல் வெட்டியது எனப் பொருள் கூறுவர்; ஸ்பானிய நாணயத்தின் விளிம்பை நோக்கி எழுந்த பெயர் அது. தாய்நாட்டில் உருக்கப்பட்டதனால் பெயரிழந்த நாணயம், உருக்கப்படாது வழங்கிய நாட்டில் தமிழ்ச்சொல் ஒன்றுக்குப் புதுப்பொருள் தந்தது. இச்சொற்பொருள் மாற்றம் மொழியியலார் தனியே ஆராய்தற்குரியது.

இனி, கரை சேராத வெள்ளியைக் காண்போம். 1622-ஆம் ஆண்டில் கோவாவுக்குச் சென்ற போர்த்துகீசியக் கலமான சான் ஜோசே, டச்சு ஆங்கிலக் கப்பல்களின் தாக்குதலுக்குப் பின் மொசாம்பிக் கரையருகில் அழிந்தது. அதே ஆண்டில் அத்தோச்சா என்னும் ஸ்பானியக் கலம் புளோரிடாக் கடலில் மூழ்கிற்று. ஒன்று வெள்ளியை ஸ்பெயினுக்குக் கொண்டுசென்றது. மற்றொன்று இந்தியாவுக்குக் கொணர்ந்தது. இரு கலங்களும் கொண்டிருந்த ரியால்கள் நம் காலத்தில் வெளிப்பட்டுள்ளன. ஒரே நாணயத்தின் நெடும்பயணத்தில் புறப்பாட்டையும் வருகையையும் ஒரே ஆண்டில் கடல் நிறுத்திவைத்தது போன்றது இது.

நம் பொருளுக்கு இன்றியமையாதது டச்சுக்கலமான வெர்குல்தே திராக். அது 1656 ஏப்ரலில் மேற்கு ஆஸ்திரேலியக் கரையருகில் பாறையில் மோதி அழிந்தது. 78,600 கில்டர் மதிப்புள்ள வெள்ளி நாணயம் எட்டுப் பெட்டிகளில் ஏற்றப்பட்டிருந்தது. பத்தேவியாவை நோக்கிச் சென்றது அக்கலம். பத்தேவியாவினின்றே நாகப்பட்டினம், பழவேற்காடு முதலிய டச்சுத் துறைகளின் வாணிகம் ஆணைபெற்றது. 1963-இல் கண்டறியப்பட்ட அக்கலத்தினின்று எடுத்த நாணயங்கள் பெரும்பாலும் மெக்சிகோ அக்கசாலையின. பொத்தோசியின் களவு வெளிப்பட்டு ஏழாண்டே ஆகியிருந்த காலம் அது. ஆம்ஸ்டர்டாம் வணிகர் பெருநாட்டு நாணயத்தை விலக்கி மெக்சிகோ நாணயத்தைத் தேர்ந்து பெட்டியில் இட்டனர் எனக் கருதுவதில் இழுக்கில்லை என்பது எம் கொள்கை. அவ்வாறு கருதுதற்கு இடந்தருவது ஒரே ஒரு செய்தி: அந்நாணயங்கள் ஒரே கலத்தினின்று, ஒருங்கே எண்ணப்பட்டு, ஆவணப்படுத்தப்பட்டமை. அவை நூறு வணிகர் கைகளில் சிதறிப்போயிருப்பின் எத்தனை மெக்சிகோ, எத்தனை பொத்தோசி என்னும் வினாவே எழுந்திராது.

உருமாற்றத்தின் நடுவழியைக் காட்டும் கலமும் ஒன்று உண்டு. இலங்கையின் தென்கிழக்கே மகா இராவணன் கோட்டை எனப்படும் பாறைத் திட்டில், 1961-ஆம் ஆண்டு மைக் வில்சனும் உடன் சென்ற இரு சிறுவரும் பழைய கலம் ஒன்றின் எச்சத்தைக் கண்டனர். எழுத்தாளர் ஆர்தர் கிளார்க் அம்முயற்சியில் பங்குகொண்டு, பின்னர் அதனை நூலாகவும் எழுதினார். அங்குக் கிடைத்தவை ரியால்கள் அல்ல. ஔரங்கசீப்பின் பெயர் பொறித்த சூரத்து அக்கசாலை ரூபாய்கள். யாவும் ஹிஜ்ரி 1113-ஆம் ஆண்டின, அதாவது கி.பி. 1701-02. பையில் கட்டிய ஆயிரம் ரூபாய் பை இற்றுப்போன பின்னும் பையின் வடிவிலேயே ஒரு கட்டியாக இறுகிக் கிடந்தது. ஒரே ஆண்டின் புதுநாணயம், ஒரே அக்கசாலை, பைக்கு ஆயிரம் என்ற கணக்கு, இவை மூன்றும் சேர்ந்து அக்காலத்து வணிகர் வெள்ளியை எவ்வாறு எடுத்துச்சென்றனர் என்பதைக் கண்முன் நிறுத்துகின்றன. சூரத்துக்கு வந்த வெள்ளியின் பெரும்பகுதியும் அமெரிக்காவினதே ஆதலின், ரியால் ரூபாயாகிய அடுத்த படியை இக்கலத்தில் காண்கின்றோம். தனி ரூபாய் ஒன்றை மட்டும் கையில் எடுத்தால் அது ஔரங்கசீப்பின் ரூபாய், அவ்வளவே.

வெள்ளி கடலில் எவ்வாறு எஞ்சுகின்றது என்பதையும் சுருங்கக் கூறுவோம். உப்புநீரில் வெள்ளியின் மேற்புறம் கரிய சல்பைடாகவும் குளோரைடாகவும் மாறும். தனித்துக் கிடந்த நாணயம் நாளடைவில் மெலிந்து தகடாகும். குவியலின் நடுவில் இருந்தவையும், இரும்பு ஆணி, நங்கூரம் முதலியவற்றை ஒட்டிக் கிடந்தவையும் தப்பும். இரும்பு தான் அழிந்து வெள்ளியைக் காக்கும். ஆகவே நாணயத்தின் மெலிவே அது பெட்டியின் நடுவிலிருந்ததா, மணலில் உருண்டதா என்பதைச் சொல்லும். அமிலத்தில் தோய்த்துப் பளபளப்பாக்கி விற்கும்போது அச்செய்தி கழுவப்படுகின்றது.

சேகரிப்போரை முற்றிலும் பழித்தல் எம் கருத்தன்று. மாற்றலுவலரின் எழுத்துகளை வகைப்படுத்தி, முத்திரை வேறுபாடுகளை ஒப்பிட்டு, காலவரிசை வகுத்ததில் அவர்தம் பொறுமைக்குப் பெரும்பங்கு உண்டு. பல்கலைக்கழகத்தார் பலர் கண்ணெடுத்தும் பாராத காலத்தில் அவர்கள் பார்த்தனர். குறை சந்தையின் முறையிலே உள்ளது. அத்தோச்சாவின் நாணயங்கள் முகத்தின் தெளிவைக்கொண்டு நான்கு தரமாகப் பிரிக்கப்பட்டு, நாணயம் ஒவ்வொன்றுக்கும் சான்றிதழ் இணைத்து விற்கப்பட்டன. கலத்தின் பெயர் விலையை உயர்த்தும் என்பதனால் அப்பெயர் காக்கப்பட்டது. எப்பெட்டி, எந்த அடுக்கு, அருகில் இருந்தது யாது என்பன விலையை உயர்த்தா, எனவே மறக்கப்பட்டன. சான்றிதழ் தொலைந்த நாணயம் கலத்தையும் இழக்கும். இதனை மணிமேகலை பயின்றார்க்கு விளக்கவேண்டுவதில்லை. கலம் உடைந்து நாகர் தீவில் ஒதுங்கிய சாதுவனுக்கு அவர்தம் தலைவன் ஈந்த பெரும்பொருள், அதற்குமுன் அங்குக் கலங்கவிழ்ந்து உயிரிழந்தோருடையது. அகிலும் துகிலும் சந்திரதத்தனின் கலமேறிப் புகார் வந்தன. உடையவர் யார், எத்துறையினர் என்பது எவர்க்கும் தெரியாது. ஆதிரையின் கற்பைக் கூறவந்த காப்பியத்துக்கு அது வேண்டுவதன்று. வரலாற்றுக்கு அதுவே வேண்டும்.

இதற்கு மறுதலையாக, 1804-இல் போர்ச்சுகல் நாட்டுக்குத் தெற்கே வெடித்து மூழ்கிய மெர்செதஸ் என்னும் ஸ்பானியக் கலத்தினின்று ஒரு தனியார் நிறுவனம் 2007-இல் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்ட நாணயங்களை எடுத்தது. வழக்கு நடந்தது. அமெரிக்க நீதிமன்றத் தீர்ப்பின்படி 2012-இல் அவை ஸ்பெயினுக்குத் திரும்பிக் கார்த்தஹேனா அருங்காட்சியகத்தை அடைந்தன. வெர்குல்தே திராக் கலத்தின் பொருள்கள் களவு போவதைக் கண்ட மேற்கு ஆஸ்திரேலிய அரசு, 1964-லேயே மூழ்கிய கலங்களைக் காக்கச் சட்டம் இயற்றிற்று.

நம் நாட்டில் கலம் உடைந்தோர் பொருளைப் பற்றிய நெறி பழமையானது. காகதீய மன்னன் கணபதிதேவன் மோட்டுப்பள்ளித் துறையில் கி.பி. 1244-45-இல் பொறித்த சாசனம், புயலால் ஒதுக்கப்பட்ட கலங்களின் பொருள் முழுவதையும் முன்னைய அரசர் கவர்ந்தனர் என்றும், தான் உரிய சுங்கம் தவிர வேறொன்றும் கொள்வதில்லை என்றும் அறிவிக்கின்றது. பொருளினும் நம்பிக்கை பெரிது என உணர்ந்த வேந்தன் அவன். ஆங்கில ஆட்சியில் வந்த 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டமோ, நிலத்திலும் நிலத்தோடு பொருந்தியவற்றிலும் மறைந்து கிடப்பதையே புதையல் என வரையறுத்தது. கடலடி அதன் சொற்களில் இல்லை. நூறாண்டுக்கு மேற்பட்ட நாணயத்தைத் தொல்பொருள் எனக் கொண்டு, தனியார் அதனை நாட்டைவிட்டு வெளியே அனுப்பலாகாது என்று தடுத்தது 1972-ஆம் ஆண்டின் சட்டம். அச்சட்டம் நாணயத்தைக் காக்கும். நாணயம் கிடந்த இடம் கலைந்துபோவதை அது தடுக்குமா என்பது வேறு வினா.

இவ்வினா கடலூர்க்கும் சிதம்பரத்துக்கும் தொலைவானதன்று. சென்னை 1746-இல் பிரெஞ்சுக்காரர் கைப்பட்டபின், புனித தாவீது கோட்டையே 1752 வரை சோழமண்டலத்து ஆங்கிலேயரின் தலைமையிடம். அக்காலத்தில், 1749 ஏப்ரல் திங்களில், பழைய ஆங்கிலக் கணக்குப்படி 13-ஆம் நாள், தேவிக்கோட்டையைப் பிடிக்கப் புறப்பட்ட படை பரங்கிப்பேட்டையை அடுத்துத் தங்கியிருந்தபோது, பெரும்புயல் எழுந்தது. தளபதி பாஸ்கவனின் தலைமைக் கப்பலான நாமூர் ஐந்நூற்றுக்கு மேற்பட்டாரோடு மூழ்கிற்று. தளபதி கரையில் இருந்தமையால் பிழைத்தார். பெம்புரோக் என்னும் போர்க்கப்பலும் அப்பல்லோ என்னும் மருத்துவக் கப்பலும் அழிந்தன. கும்பினியின் லிங்கன், வின்செல்சி என்னும் இரு கலங்களும் அப்புயலில் கடலூர்ப் பகுதியில் உடைந்தன. ஒரே இரவில் இச்சிறு கரையில் ஐந்து கலங்கள். தேவனாம்பட்டினத்தினின்று கொள்ளிடம் வரையில் உள்ள கடலடியில் இவற்றின் எச்சம் எங்கு எந்நிலையில் உள்ளது என்பது முறையாக அளந்து அறியப்படவேண்டும். ஆறுகள் கொணரும் வண்டல் மிகுந்த கடல் அது. வண்டல் மூடியது நெடுங்காலம் நிலைக்கும் என்பது இயற்கை. ஆனால் இழுவலைகளும் துறைமுகப் பணிகளும் அவ்வண்டலைக் கலைக்கும் காலம் இது.

இக்கடலடி பேசும் என்பதற்கு அருகிலேயே சான்று உண்டு. கொள்ளிடத்துக்குச் சற்றுத் தெற்கே, பூம்புகாரை அடுத்த கடலில் பத்தொன்பது மீட்டர் ஆழத்தில், கோவாவின் தேசியக் கடலியல் நிறுவனத்தார் ஆராய்ந்த கலம் ஒன்றில் ஈயப் பாளங்கள் கிடைத்தன. புகாரின் பழஞ்சிறப்பைத் தேடிச் சென்றோர் கண்டது பதினெட்டாம் நூற்றாண்டின் ஐரோப்பியச் சரக்கை. ஈயத்தை எடுத்து உருக்கி விற்பார் உளராயின் அதற்குப் பெருவிலை இல்லை. எனினும் அப்பாளங்களில் பிளாக்கெட் என்னும் இங்கிலாந்துச் சுரங்க உரிமையாளரின் பெயரும் 1791, 1792 என்னும் ஆண்டுகளும் பொறிக்கப்பட்டிருந்தன. ஆய்வாளர் பாளம் கிடந்த இடத்தையும் ஆழத்தையும் குறித்து, பெயரையும் ஆண்டையும் படித்தனர். அதனால் கலம் 1792-க்கு முற்பட்டு மூழ்கியிருக்க இயலாது என்பது துணிபாயிற்று. விலை குறைந்த ஈயம் இவ்வளவு கூறிற்று.

கடலூர், பரங்கிப்பேட்டை, கிள்ளை முதலிய ஊர்களின் மீனவர் வலை மாட்டும் இடங்களைத் தலைமுறை தலைமுறையாக நினைவில் வைத்திருப்போர். வலையோடு மேலே வரும் மரத்துண்டும் இரும்புக்கட்டியும் கரிய வெள்ளிக்கட்டியும் எவ்விடத்தில், எத்தனை பாக ஆழத்தில் சிக்கின என்பதை அவர் சொல்லக் கேட்டு எழுதிவைத்தல் நம் தமிழ், வரலாற்றுத் துறைகளின் முதுகலை மாணவர்க்கு இயலும் பணி. நாட்டுப்பாடல் தொகுக்கக் கடற்கரை ஊர்களுக்குச் செல்லும் மாணவர் அதே ஏட்டில் மற்றொரு பக்கத்தை இதற்கு ஒதுக்கலாம். கரைக்குறிகளை மீனவர் மொழியிலேயே எழுதவேண்டும். இரு பனைகளும் ஒரு கோபுரமும் நேர்கோட்டில் வரும் இடம் என அவர் கூறுவதை நகரத்தார் வழக்கில் மாற்றின் இடம் தவறும். கட்டியை உடைத்து உள்ளிருக்கும் நாணயத்தை எடுக்க வேண்டா என்பதை மட்டும் அவர்க்கு முதலிற் சொல்லவேண்டும்.